ஓய்வு யாருடைய தோளின் மேல்?

கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் உள்ளது. உழைப்பையும் ஓய்வையும் குறித்து அருளுரை ஆயத்தம் செய்யும் போதகர் ஒருவர் அங்கே ஒரு நாள் தங்கியிருந்து பார்ப்பாராயின், மூன்று காட்சிகள் அவருடைய கண்ணிற்படும். முதலாவது, பெரியாறு மின் உற்பத்தி நிலையம். தேக்கடியிலிருந்து வரும் நீர் மலைச்சரிவில் பதித்த பெருங்குழாய்களின் வழியே இறங்கி, அங்குள்ள நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றிவிட்டுப் பள்ளத்தாக்கின் வயல்களை நோக்கிச் செல்கிறது. இரண்டாவது, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் நினைவு மணிமண்டபம். அது 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், அவருடைய பிறந்த நாளில், திறந்து வைக்கப்பட்டது. மூன்றாவது காட்சியைக் காண அதிகாலையில் எழுந்திருக்க வேண்டும். கம்பம், கூடலூர்ப் பகுதி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அவ்வூரைக் கடந்து மலையேறுகின்றன. மாலையில் அதே பெண்கள் அதே வழியாக இறங்குகின்றனர்.

இம்மூன்றனுள் நம் அருளுரைகளில் இடம் பெறுவது பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே. அது இடம் பெறும் விதத்தையும், அதன் பின்னே நிற்கும் இறையியலையும் திறனாய்வு செய்வதே நம் நோக்கம். பென்னிகுவிக்கின் புகழைக் குறைப்பது நம் எண்ணமன்று. உழைப்பு, ஓய்வு ஆகியவற்றைப் பற்றிய நம் போதனையில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறதென்று நாம் கருதுகிறோம். அப்பிழையை லோயர் கேம்ப் தெளிவாகக் காட்டுகிறது.

1. ஓர் எடுத்துக்காட்டின் குறை

அறுப்பின் பண்டிகை ஆராதனைகளிலும் இளைஞர் கூடுகைகளிலும் நாம் கேட்டுப் பழகிய எடுத்துக்காட்டு இதுவே: 1887இல் அணை வேலை தொடங்கியது, வெள்ளம் வந்து கட்டியதை அடித்துச் சென்றது, அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் தம் நாட்டிலிருந்த உடைமைகளை விற்று அணையைக் கட்டி முடித்தார், ஆகவே கிறிஸ்தவன் ஓயாது உழைக்க வேண்டும். கேட்போர் நெஞ்சம் உருகுகிறது. ஆனால் இந்த எடுத்துக்காட்டில் இரண்டு குறைகள் உண்டு.

முதற்குறை வரலாற்றைச் சார்ந்தது. அணை சென்னை மாகாண அரசின் திட்டம். அரசின் பொதுப்பணித் துறையே அதனை நடத்தியது. உடைமைகளை விற்ற செய்திக்கு ஆவணச் சான்று இல்லையென்று ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். மக்களின் நன்றியுணர்விலிருந்து பிறந்த கதையாக அதனைப் போற்றலாம். பிரசங்க மேடையில் உண்மை நிகழ்ச்சியாக அதனை நிறுத்துவது, உண்மையின் ஊழியருக்குத் தகாது.

இரண்டாம் குறை இறையியலைச் சார்ந்தது. இது முன்னதைவிடப் பெரிது. எட்டு ஆண்டுகள் ஒரு மனிதர் உழைத்தார் என்று சொல்லும்போது, அவருடன் காட்டில் கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்தவர்களும் கதையிலிருந்து மறைந்து போகின்றனர். 1895 அக்டோபரில் அணை திறக்கப்படுமுன், மலைக்காய்ச்சல் முதலிய நோய்களால் 483 பேர் இறந்தனர் என்பது பரவலாகத் தரப்படும் கணக்கு. அவர்களுடைய கல்லறைகள் அணையின் அருகே உள்ளன. ‘ஓயாத உழைப்பு’ என்று நாம் புகழும்போது, அவ்வுழைப்பில் ஓய்ந்துபோனவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. வேலைக்கு ஆணையிட்டவரின் உறுதியைப் போற்றுகிறோம். ஆணைக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்தவரின் களைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. திருமறையோ பெரும்பாலும் இதற்கு எதிர்ப்புறத்திலிருந்து பேசுகிறது.

2. கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது?

நம்மில் பலர் நான்காம் கட்டளை என்றும், லூத்தரன் மரபினர் மூன்றாம் கட்டளை என்றும் எண்ணுகிற ஓய்வுநாள் கட்டளை, யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும் காணப்படுகிறது. முன்னது படைப்பைக் காரணமாகக் காட்டுகிறது: கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். பின்னது விடுதலையைக் காரணமாகக் காட்டுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய். இவ்விரண்டிலும் நாம் கவனியாது விட்டுவிடும் ஒன்று உண்டு. கட்டளை ‘நீ’ என்று விளிப்பது யாரை? மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், தன் வாசலுக்குள் தங்கிய அந்நியனும் உடைய ஒருவனை. அதாவது, பிறருடைய உழைப்பின்மேல் அதிகாரம் உள்ளவனை. உபாகமம் இதனோடு நில்லாமல், வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்ற நோக்கத்தையும் வெளிப்படையாகக் கூறுகிறது. யாத்திராகமம் 23:12இல் ஓய்வுநாளின் பயனாக முதலிற் சொல்லப்படுவது மாடும் கழுதையும் இளைப்பாறுவதே.

ஆகவே ஓய்வுநாள், களைத்துப்போன தனி மனிதனுக்குக் கூறப்பட்ட உடல்நல ஆலோசனையன்று. ஓய்வு கொடுக்கும் அதிகாரம் பெற்றவனிடம் கேட்கப்படும் கணக்கு அது. ‘உழைப்புக்கும் ஓய்வுக்கும் சமநிலை’ என்று இன்று நாம் பேசும்போது, தராசு ஒன்று நம் மனத்தில் தோன்றுகிறது. அத்தராசு அவரவர் கையிலேயே இருக்கிறதென்று எண்ணிக்கொள்கிறோம். தன் நேரத்தின்மேல் உரிமையுள்ளவனுக்கே அது பொருந்தும். லோயர் கேம்ப் வழியாக விடியற்காலையில் மலையேறும் பெண்ணின் கையில் அத்தகைய தராசு இல்லை. அவளுடைய தராசு வேறொருவர் கையில் இருக்கிறது. அதில் நிறுக்கப்படுவது அவள் பறித்த காய்.

சீர்திருத்தத் திருச்சபையின் ஆசான்கள் இதனை அறியாதவர்களல்லர். 1529இல் வெளிவந்த தம் பெரிய ஞானோபதேசத்தில் லூத்தர், வாரம் முழுவதும் வேலை செய்யும் வேலைக்காரரும் வேலைக்காரிகளும் இளைப்பாறுவதற்காகவும் ஒரு நாள் வேண்டும் என்று எழுதினார். கால்வின் ஓய்வுநாளுக்குக் கூறிய மூன்று காரணங்களுள் ஒன்று, பிறர் அதிகாரத்தின் கீழ் உழைப்பவர்களுக்கு விடுப்புக் கிடைக்க வேண்டும் என்பது. இவர்களின் வழிவந்த நாம், உழைப்பே அழைப்பு என்ற பாதியை வைத்துக்கொண்டு, மறுபாதியை எங்கேயோ தவற விட்டுவிட்டோம். 1904-05இல் மாக்ஸ் வெபர் புரொட்டஸ்டண்டு அறவுணர்வை முதலாளியத்தின் உளப்பாங்கோடு இணைத்துப் பேசியபோது, அவர் கண்டது இந்தப் பாதியையே என்று கூறலாம்.

3. நம் வரலாற்றிலிருந்து இரண்டு ஆண்டுகள்

இது ஐரோப்பியரின் குற்றம் மட்டும் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றிலிருந்தும் தொழிலாளர் வரலாற்றிலிருந்தும் இரண்டு ஆண்டுகளை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

ஒன்று 1845. மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் ஒருவர்பின் ஒருவராக இரையாயினர். ஆகவே 1845இல் கோடைக்கானலில் அவர்களுக்காக இரண்டு வீடுகள் எழும்பின. அவர்களுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அதைக் குறை கூறுவது இரக்கமின்மை. ஆனால் அதன் மறுபுறத்தையும் நாம் பார்க்க வேண்டும். மலைக்கு மோட்டார்ச் சாலை அமையுமுன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து பலர் நாற்காலிகளிலும் டோலிகளிலும் மேலே கொண்டு செல்லப்பட்டனர். அவற்றைச் சுமந்தவை இந்நிலத்துக் கூலியாட்களின் தோள்கள். உபதேசியார்களும் வேதாகமப் பெண்களும் கோடையிலும் சமவெளியிலேயே ஊழியம் செய்துகொண்டிருந்தனர். திருச்சபை ஓய்வின் தேவையை அறிந்திருந்தது. தனக்குக் கீழே உழைத்தவருக்கும் அது வேண்டும் என்பதை அதே தெளிவோடு அறியவில்லை. ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய தோளின்மேல் ஏறிச் சென்றது. உபாகமம் ‘உன்னைப் போலவே’ என்று கூறும் இடத்தில் நாம் தவறினோம்.

மற்றொன்று 1890. பெரியாற்றில் அணை வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பம்பாயின் பருத்தி ஆலைத் தொழிலாளர் வாராந்தர விடுமுறைக்காகப் போராடினர். அவர்களை வழிநடத்தியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா பூலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சார்ந்தவர். 1890ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இணங்கினர். அடுத்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம் பெற்றது. இங்கே நம்மைத் தாழ்மைப்படுத்தும் செய்தி ஒன்று உண்டு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் போதித்து வந்தோம். ஆனால் அந்நாளை இந்நாட்டு ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வுநாளாகப் பெற்றுத் தருவதில் முன்னணியில் நின்றவர் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்தார். கர்த்தர் தம் கட்டளையை நிறைவேற்ற யாரையும் பயன்படுத்துவார் என்பதற்கு இது சான்று. நாம் பயன்படத் தவறிய இடங்கள் உண்டென்பதற்கும் இதுவே சான்று.

4. மன்னாவும் நாட்கூலியும்

இங்கே ஒரு மறுப்பு எழும்பும். கம்பம் பள்ளத்தாக்கில் ஊழியம் செய்யும் எந்தப் போதகரும் அதனை எழுப்பக்கூடும்: “அந்தப் பெண்கள் எங்களிடம் ஓய்வு வேண்டுமென்று கேட்பதில்லை, வேலை வேண்டுமென்றே கேட்கிறார்கள். மலையேறாத நாள் கூலியில்லாத நாள். ஞாயிறு ஆராதனைக்கு வரச்சொன்னால் அரிசிக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஓய்வைப் பற்றிய பேச்சு வயிறு நிறைந்தவர்களின் பேச்சு.”

இம்மறுப்பை நாம் இலேசாகத் தள்ளக்கூடாது. இதில் உண்மை உண்டு. இதற்குத் திருமறையிலேயே விடையும் உண்டு. ஓய்வுநாள் சீனாய் மலையில் கட்டளையாகக் கொடுக்கப்படுமுன், வனாந்தரத்தில் உணவோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தின்படி, ஆறாம் நாளில் இஸ்ரவேலருக்கு இரண்டு மடங்கு மன்னா கிடைத்தது. அதன் பின்னரே ஏழாம் நாளில் ஒருவரும் வெளியே போக வேண்டாம் என்ற கட்டளை வந்தது. இந்த வரிசையை நாம் மாற்றக்கூடாது. கர்த்தர் முதலில் அப்பம் கொடுத்தார். பிறகு ஓய்ந்திருக்கச் சொன்னார். இரட்டைப் பங்கு மன்னா இல்லாத ஓய்வுநாள் திருமறையின் ஓய்வுநாளன்று. அது பட்டினி நாள். ஊதியத்தோடு கூடிய வார விடுமுறை என்று இன்று தொழிற்சங்கங்கள் கேட்பதன் வேர் இங்கே இருக்கிறதென்று நாம் துணிந்து கூறலாம்.

ஆகவே, ஆராதனைக்கு வராத தோட்டத் தொழிலாளியை ஓய்வுநாளை மீறியவள் என்று நாம் கண்டிப்போமானால், கட்டளையைத் தலைகீழாக்குகிறோம். அவளை நோக்கி ‘ஓய்ந்திரு’ என்று கூறுமுன், ஏலத்தோட்டம் உடையவரையும், ஜீப்பில் ஆள் ஏற்றி அனுப்பும் கங்காணியையும், மலிவான கூலியால் நன்மை பெறும் நம்மையும் நோக்கி ‘ஓய்வு கொடு’ என்று கூற வேண்டும். பார்வோன், வேலையாட்கள் ஓய்வு கேட்டபோது அவர்களைச் சோம்பேறிகள் என்று அழைத்தான் என்பதை யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் மேடைகளிலிருந்து ஏழைகளை நோக்கிச் ‘சோம்பல்’ என்ற சொல் வரும்போதெல்லாம், யாருடைய குரலில் பேசுகிறோம் என்று நாம் நம்மையே சோதித்தறிய வேண்டும்.

5. கூனியும் திராட்சையும்

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடியில், நிலத்தை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. அதனைப் பறிக்கும் பெண் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். லூக்கா 13:10-17இல், பதினெட்டு ஆண்டுகளாக நிமிரக்கூடாதிருந்த பெண்ணை ஆண்டவர் ஓய்வுநாளில் நிமிர்த்திய நிகழ்ச்சியை, இப்பெண்களை நினைத்துக்கொண்டு மறுபடியும் வாசிக்கும்படி நம் மாணவர்களை வேண்டுகிறோம். ஜெப ஆலயத் தலைவன் கோபமடைந்தான். வேலை செய்ய ஆறு நாள்கள் உண்டே என்றான். அவன் ஓய்வுநாளைக் காக்க விரும்பினான். அது யாருக்காக உண்டானதென்பதை மறந்தான். ஆண்டவரோ, ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று கேட்டார். அவிழ்த்தல் என்ற சொல்லே அந்நிகழ்ச்சியின் திறவுகோல். முதுகு நிமிர்வதே அவளுக்கு ஓய்வு.

இந்தச் சொல்லைத் தமிழ் உழவர் எளிதிற் புரிந்துகொள்வர். மாட்டுப் பொங்கலன்று மாட்டை ஏரில் பூட்டும் வழக்கம் இல்லை. குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, அதற்கு உணவு படைக்கின்றனர். பென்னிகுவிக்கின் பிறந்த நாளும் பொங்கற் காலத்திலேயே வருகிறது. தேனி மாவட்ட உழவர்கள் அவர் பெயராலும் பொங்கலிடுகின்றனர். அணையைக் கட்டியவருக்கு ஒரு நாளும், ஏர் இழுத்த மாட்டுக்கு ஒரு நாளும் கொடுக்கத் தெரிந்த இம்மக்கள் பண்பாட்டில், குனிந்து காய் பறிக்கும் பெண்ணுக்கு எந்த நாள் என்று கேட்பது திருச்சபையின் கடமை.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். முல்லைப் பெரியாற்று நீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் நெல் விளைகிறது. அந்நீர் இல்லையேல் இப்பள்ளத்தாக்கின் செழிப்பு இல்லை. கம்பத்தின் பன்னீர்த் திராட்சையோ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு நிற்கிறது. குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இங்கே அந்த உறக்கம் அதற்கு இல்லை. கவாத்து முடிந்ததும் அடுத்த காய்ப்பு. லேவியராகமம் 25:4 ஏழாம் ஆண்டில் திராட்சைத் தோட்டத்தைக் கிளைகழிக்கலாகாது என்று கட்டளையிடுகிறது. அக்கட்டளையை எழுத்தின்படி இங்கே நடைமுறைப்படுத்தச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் இடைவிடாமல் காய்க்கும் கொடிக்கு இடைவிடாமல் உரமும் மருந்தும் ஆளும் வேண்டும். ஓய்வறியாத நிலம், ஓய்வறியாத மனிதரையும் வேண்டுகிறது. நிலத்தின் ஓய்வும் மனிதரின் ஓய்வும் ஒரே நியாயப்பிரமாணத்தில் இடம் பெற்றதன் காரணத்தை இப்பள்ளத்தாக்கில் நாம் கண்கூடாகக் காணலாம்.

6. போதகரின் ஓய்வு

இறுதியாக நம்மைப் பற்றி. ஊழியர்களாகிய நாமும் களைத்திருக்கிறோம். ஒரே போதகர் பல கிளைச் சபைகளைப் பார்க்கிறார். ஞாயிறு நமக்கு ஓய்வுநாளன்று. அதுவே கடினமான வேலை நாள். மாற்கு 6:31இல், உண்பதற்கும் நேரமில்லாதிருந்த சீடர்களை ஆண்டவர் தனித்து இளைப்பாற அழைத்ததை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அவ்வழைப்பை ஏற்பது நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஓயாமல் ஓடுகிறவரே உண்மை ஊழியர் என்று சபையார் எண்ணுகின்றனர். நாமும் அப்படியே எண்ணத் தொடங்கிவிட்டோம்.

இவ்வெண்ணத்தில் நம்பிக்கையின்மை ஒளிந்திருக்கிறது. நாம் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். கார்ல் பார்த் 1951இல் வெளியிட்ட தம் திருச்சபைக் கோட்பாட்டியலின் அறநெறிப் பகுதியில், உழைப்பைப் பற்றிப் பேசுமுன் பரிசுத்த நாளைப் பற்றிப் பேசினார். மனிதன் படைக்கப்பட்ட பின் அவன் கண்ட முதல் முழு நாள் கர்த்தருடைய ஓய்வுநாளே என்பது அவர் காட்டிய உண்மை. மனிதன் உழைத்து ஓய்வைச் சம்பாதிக்கவில்லை. ஓய்வைப் பெற்றுக்கொண்டு உழைக்கச் சென்றான். கிருபையினாலே இரட்சிப்பு என்று போதிக்கும் நாம், ஓய்வை மட்டும் கிரியையினால் சம்பாதிக்க முயல்வது எவ்வளவு பெரிய முரண்பாடு!

எனினும், ஓய்வெடுக்கும் போதகரிடமும் அதே கேள்வியை நாம் கேட்க வேண்டும்: உம்முடைய ஓய்வு யாருடைய தோளின்மேல்? போதகர் விடுப்பில் செல்லும்போது சுமை முழுவதும் சபை ஊழியரின்மேல் விழுமாயின், ஆலயப் பணியாளுக்கு வாரத்தில் ஒரு நாளும் விடுப்பு இல்லையாயின், ஞாயிறு நண்பகலில் விருந்தினருக்கெல்லாம் சமைத்துப் பரிமாறிப் போதகரின் மனைவி சோர்ந்து போவாராயின், நாம் 1845ஆம் ஆண்டின் டோலியில் இன்னும் ஏறிச் சென்றுகொண்டிருக்கிறோம்.

7. முடிவாக

ஆகவே நாம் வேண்டுவன சில. உழைப்பையும் ஓய்வையும் பற்றிய அருளுரைகள், உழைப்பவரைக் கடிந்துகொள்வதிலிருந்து தொடங்காமல், உழைப்பை வாங்குகிறவரைக் கேள்வி கேட்பதிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு சேகரக் குழுவும் தன்னிடம் ஊதியம் பெறுவோரின் வார விடுப்பை முதலில் ஒழுங்கு செய்யட்டும். அதன் பின்னரே தோட்ட உரிமையாளரோடு பேசும் தகுதி நமக்கு உண்டு. மலையேறும் தொழிலாளருள்ள சபைகளில், அவர்கள் இறங்கி வரும் நேரத்தை ஒட்டி ஆராதனை வேளை அமையட்டும். நம் இறையியல் மாணவர்கள் நடைமுறைப் பயிற்சிக் காலத்தில் ஒரு நாளேனும் விடியற்காலையில் அந்தச் சாலையோரத்தில் நின்று பார்க்கட்டும்.

வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களைத் தம்மிடம் வரும்படி ஆண்டவர் அழைத்ததை மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வழைப்பை நாம் நம் உள்ளத்தின் களைப்புக்கு மட்டுமே பொருத்திப் பழகிவிட்டோம். அதனை முதன்முதலாகக் கேட்டவர்களுள் தோளில் உண்மையாகவே சுமை இருந்தவர்கள் பலர். இளைப்பாறுதல் தருவேன் என்று சொன்னவர் சிலுவையைத் தம் தோளின்மேல் ஏற்றார். தம் ஓய்வைப் பிறர் தோளின்மேல் ஏற்றவில்லை. அவரைப் பின்பற்றும் திருச்சபை தன் ஓய்வை எங்கே இறக்கி வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு, இன்று மாலை லோயர் கேம்ப் வழியாக இறங்கி வரும் ஜீப்பின் முன் நின்று நாம் விடை சொல்ல வேண்டும்.